இரண்டு கேள்வி, இரண்டு பதில்

குளியலறைக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து நான் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் உலோகத் துண்டு வைத்துத் தைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தாழ்ப்பாள் போடக் கூடாது, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குரல் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் எழுதியே கொடுத்திருந்தார்கள். குரல் கொடுப்பது எனக்குப் புதிய வேலை இல்லை. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். "சரியா?" என்றேன். "சரி" என்று பதில் வந்தது. "நல்லது" என்று சொல்லிவிட்டு, ஆறு கட்டத்துக்குள் அடங்காத ஒரு பறவையை அடக்கப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன், மறுபடி பதில் வந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுத் தரம் கேட்டேன். எட்டுத் தரமும் பதில் வந்தது.

மருந்துப் பையோடு மகள் உள்ளே வந்தாள். "அம்மா எங்கப்பா?"

"குளிக்கிறா."

"எவ்ளோ நேரமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மகள் பையைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

என் மனைவி சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் நீண்டிருந்தது, ஒரு கால் மடிந்திருந்தது. எட்டி இழுத்த துண்டு பாதி மேலே, பாதி தண்ணீரில். கண் திறந்திருந்தது. பதறி ஓடிய மகளை அவள் பார்க்கவில்லை. மகளின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னோடு நாற்பத்து நாலு வருடம் குடித்தனம் நடத்தியவனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. இழை இழையாகப் பிரிய ஆரம்பித்துவிட்ட லிஃப்ட் கயிற்றை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

என்னைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கயிறு திரிக்கிறவன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பொய்யை நம்ப வைக்க வேண்டும், கயிற்றை யாரும் நம்பிவிடக் கூடாது. ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் பத்தாவது மாடிக்குப் போய்விட்டதையும், அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி "ஒரு நிமிஷம் இருங்க, கீழே போகணும்" என்று சொன்னதையும், அவள் வருவதற்குள் கதவு மூடிவிட்டதால் அந்தக் கட்டடத்தில் இன்றுவரை எந்தக் கதவும் நேரத்துக்கு மூடுவதில்லை என்பதையும் நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். லிஃப்டில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்ட நீதிபதி பொழுதுபோகாமல் தன்னையே விசாரித்து, தனக்கே தண்டனை கொடுத்து, நாங்கள் கதவைத் திறந்தபோது "இன்னும் காலம் முடியல" என்று வெளியே வர மறுத்ததையும் சொல்லியிருக்கிறேன். என் சம்பந்தி என் பேச்சைக் கேட்கும்போது ஒரு கையால் காதைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், பூ வைக்க இடம் விடக் கூடாதாம்.

ஆகவே எக்ஸ்ரே எடுத்து, இடுப்புக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டில் மட்டும் விரிசல் என்று தெரிந்து எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, நடைக்கூடத்தில் மகள் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "நெசத்தைச் சொல்லுங்கப்பா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டபோது, நான் வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு பொய் சொன்னேன்.

"ஆமாம்மா. கண்ணு அசந்துட்டேன்."

உடனே நம்பிவிட்டாள். இத்தனை வருடமாக நான் சொன்ன எதையும் நம்பாதவள். என் கையைத் தட்டிக்கொடுத்து, "உங்களுக்கும் வயசாகுதுல்ல" என்றாள். பிறகு, "அம்மா ஒரு ஆறு வாரம் எங்கூட இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றாள். ஆறு வாரம் எனக்கு உறைக்கவில்லை. அந்தப் 'பார்க்கலாம்' உறைத்தது.

அன்று மாலை கார் கிளம்பும் முன் மனைவி என்னை ஜன்னல் பக்கம் அழைத்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "விழுந்ததும் எனக்கு மூச்சே வரல. நீங்க கேட்டீங்க. சத்தம் போடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள 'நல்லது'ன்னுட்டீங்க. யாரோ பதில் சொன்ன மாதிரி. உள்ள வேற யாராச்சும் இருக்காங்களோன்னு நான் திரும்பிப் பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்குச் சத்தமே வரல."

"கண்ணு அசந்து..."

"உங்க கதையெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றாள். "இது அதுல இல்ல."

கார் போய்விட்டது.

கொக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொக்கு என்பது என் வேலைக் கூட்டாளியின் பட்டப்பெயர். கால் அவ்வளவு நீளம். லிஃப்ட் வேலை இரண்டு பேர் வேலை. ஒருவன் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் நிற்பான். இன்னொருவன் கீழே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, பெட்டி ஓடும் இரும்புத் தண்டவாளத்துக்கு மசகு எண்ணெய் போடுவான். மேலே இருப்பவன் பெட்டியை ஒரு சாண் நகர்த்துவதாக இருந்தாலும் முதலில் "சரியா?" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவன் கையைக் காலை உள்ளே இழுத்துக்கொண்டு "சரி" என்று கத்த வேண்டும். ஒரு தரம் போதாது. இரண்டு கேள்வி, இரண்டு பதில். இதுதான் சட்டம். பன்னிரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தபின் நாங்கள் அதை ஒரு கேள்வி, ஒரு பதில் ஆக்கிக்கொண்டோம். புருஷன் பெண்டாட்டி போலத்தான். கொக்கு எதைச் சொல்லும் முன்னும் லேசாக ஒரு இருமல் இருமுவான். இருமல் வந்தாலே எனக்குப் பதில் வந்த மாதிரி.

ஏழு மாடிக் கட்டடம். காலை பத்து மணி இருக்கும். நான் கேட்டேன். பதில் கேட்டது. நகர்த்தினேன். அப்போது கேட்ட சத்தத்தைப் பற்றி நான் எந்தக் கதையும் கட்டியதில்லை. கொக்கின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். "பதில் வந்ததா?" என்று என்னைக் கேட்டார்கள். "வந்தது" என்றேன். பிறகு அவனைக் கேட்டார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருமினான். "சரின்னு சொன்னேன் சார். சொல்லிட்டு மறந்து கையை வச்சிட்டேன். தப்பு என்மேல." அதோடு முடிந்தது. அவனை உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். என்னை அதே வேலைக்கு அனுப்பினார்கள். வெளியே நடைக்கூடத்தில் அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்தக் கண்ணடிப்பை நான் பத்தொன்பது வருடமாகப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே சொன்னானா, இல்லை என்னைக் காப்பாற்றச் சொன்னானா? சொல்லவில்லை என்றால் நான் கேட்டது என்ன? வாரத்துக்கு ஒரு நாள் இருவரும் தேநீர் குடிப்போம். இடது கையால் கோப்பையைப் பிடிப்பான். கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதில் நான் கதை கட்டினேன். அந்த நாலு விரலும் அங்கேயே தங்கிவிட்டன, ஆளில்லாத நேரத்தில் நாலாவது மாடிப் பொத்தானை அழுத்துகின்றன, விரலுக்கு ஒரு மாடி என்று. கேட்டுவிட்டு அவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஏழு மாதத்துக்கு முன் அவன் தன் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்விட்டான். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களை நான் சிரிக்க வைத்தேன். எல்லோரும் அதற்காக எனக்கு நன்றி சொன்னார்கள்.

அதன் பிறகு எனக்குச் சில பழக்கங்கள் வந்தன. மூடியிருக்கிற எந்தக் கதவைக் கண்டாலும் "சரியா?" என்று கேட்டேன். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்கூட. உள்ளே இருக்கிற தயிருக்கும் மரியாதை வேண்டாமா என்று மகளிடம் சொன்னேன், சிரித்தாள். கையைப் பார்த்தால் வாய்க்குள் சோறு போகவில்லை. விரல்களை எண்ணிக்கொண்டிருப்பேன். மருமகன் வாங்கியிருந்த ஆறாவது மாடி வீட்டுக்கு நான் ஒரு தரமும் லிஃப்டில் போனதில்லை. சமையல்காரன் தன் கடையில் சாப்பிடுவானா என்று கேட்டேன், அதற்கும் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு என்னிடம் தயாராக இருந்தது. சிரிப்பு தீராதவரை ஆள் நன்றாக இருக்கிறான் என்றுதானே ஊர் நினைக்கும். நானும் ஊரில் ஒருவன்தானே, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மனைவி மகள் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் காலையில், வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லாதபோது, அதே முக்காலியை அதே இடத்தில் போட்டேன். குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே யாரும் இல்லை என்று பார்த்தேன். பக்கெட்டுக்குள்ளும் பார்த்தேன், ஒரு மெக்கானிக் அப்படித்தான் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். செய்தித்தாளை மடியில் விரித்துக்கொண்டேன். அது ஒரு சோதனை ஓட்டம். பழுது எங்கே என்று தெரியாமல் கையை வைக்கக் கூடாது.

"சரியா?"

குழாய்ச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தது. பிறகு, "சரி."

நான் குழாயை மூடவில்லை. வெளிக்கதவைப் பூட்டக்கூட இல்லை. நேராகத் தெருமுனைச் சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சலூன்காரர் எனக்கு இருபது வயது இளையவர். என் தலையில் வெட்ட எதுவும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு தரம் மரியாதைக்குக் கத்தரியை ஆட்டுவார். நான் நடந்ததைக் கதையாகவே சொன்னேன். செத்துப்போன கூட்டாளி ஒருவன், வேலை போன பிறகும் பழக்கம் விடாமல், என் வீட்டுக் குளியலறையில் வந்து டியூட்டி பார்க்கிறான் என்றேன். சம்பளம் கேட்பானோ என்றுதான் பயம் என்றேன். நல்ல இடத்தில் நிறுத்தினேன், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கத்தரிச் சத்தம் நின்றது. கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இதுல எங்க சிரிக்கணும்?"

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை மடித்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் கை நடுங்கும். கத்திரின்னா ஒண்ணும் ஆகாது. சவரக் கத்தியை எடுத்தா மட்டும். டாக்டர் நரம்பெல்லாம் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னாரு. நானும் காப்பி ஜாஸ்தி குடிச்சிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒரு மனநல ஆலோசகரம்மாகிட்ட போனேன். பத்துத் தடவை போயிருப்பேன்."

"என்ன மருந்து குடுத்தாங்க?"

"மருந்து குடுக்கறவங்க வேற. இவங்க கேள்விதான் கேட்டாங்க."

"அதுக்கு நான் வீட்லயே இருந்திருப்பேனே. எங்க வீட்டம்மா கேக்காததா?"

அவர் சிரிக்கவில்லை. "வெளித்தலையை நான் பார்த்துக்கறேன்ணே. உள்தலைக்கு ஆள் வேற."

"போகணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

துண்டை மடியில் வைத்தார். "ஒரு கஸ்டமர் வந்து உக்காந்தாரு. நுரை போட்டாச்சு. கத்தியை எடுத்தேன், நடுங்குது. அவரு கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டறாரு. என்னை நம்பி. அப்ப தெரிஞ்சுது."

வீட்டுக்கு வந்தபோது குளியலறைத் தண்ணீர் வாசற்படிவரை வந்திருந்தது. துடைத்து முடிக்க மத்தியானம் ஆனது. பிறகு மகள் வீட்டுக்கு போன் செய்து மனைவியைக் கேட்டேன்.

"தூங்கல" என்றேன்.

"தெரியும்."

"பதில் வந்துச்சு. எட்டுத் தடவையும்."

"முதல் ரெண்டு நான் சொன்னேன்."

"மிச்சம் உன் குரல் இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. உட்காருகிறாள். "யாரு?"

"கொக்கு."

அவன் மனைவியைவிட என் மனைவிக்குத்தான் அவன்மேல் பிரியம் அதிகம் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. கை போன பிறகு அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டால், கேட்காமலே கரண்டி வைப்பாள்.

"அப்ப வித்தியாசம் தெரியலையா உங்களுக்கு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. நல்ல பொய், யாருக்கும் கெடுதல் இல்லாதது.

"தெரிஞ்சுது" என்றேன். "இருமல் கேட்டுச்சு. அவன்னு தெரிஞ்சுது. கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு. நீ உள்ள இருக்கறதே மறந்துபோச்சு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டாள், அவள் கேள்விகளிலேயே கஷ்டமான கேள்வியை.

"எதுக்கு சரிங்கறாரு அவரு?"

சலூன்காரர் கொடுத்த எண்ணுக்கு மறுநாள் பேசினேன். என்ன பிரச்சினை என்று வரவேற்பில் ஒரு பெண் கேட்டாள். பழைய லிஃப்ட், பொத்தானை அழுத்தாமலே நகருகிறது என்றேன். "ஐயா, இது கிளினிக்" என்றாள். "அதனாலதாம்மா கூப்பிட்டேன்" என்றேன். முதலில் காதைச் சோதித்துவிட்டு வரச் சொன்னார்கள். காது டாக்டர் குழாய் வைத்தும் மணி அடித்தும் பார்த்துவிட்டு, என் வயதுக்கு இவ்வளவு நல்ல காதைப் பார்த்ததில்லை என்றார். அதைக் கேட்டு இவ்வளவு வருத்தப்பட்ட கிழவனையும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்கே போய் வாசலில் நின்றேன். மூன்று மாடிக் கட்டடம், ஆலோசகர் அறை மேல்மாடியில். கீழே பல் டாக்டர், கண்ணாடிக் கடை. லிஃப்ட் ஒன்று இருந்தது. நின்ற இடத்திலிருந்தே அதன் சத்தத்தைக் கேட்டு, இடது பக்கத் தண்டவாளத்தில் மசகு காய்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். மகள் கார் பதினொன்றேகாலுக்கு வந்தது. மனைவி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, விரிசல் விட்ட மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, இன்றைக்குத்தான் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோலத் தலைவாரி வந்திருந்தாள். மகள் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டாள்.

"நீ எதுக்கு வந்த?"

"நீங்க அந்தம்மாகிட்ட நீதிபதி கதையைச் சொல்லிட்டு வந்துட்டா?"

"அது நல்ல கதை."

"நல்ல கதைதான். அதை வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லுங்க. நானும் வீட்டுக்கு வரணும்ல."

லிஃப்ட் வந்து திறந்தது. அவள் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கண்ணாடியில் சாய்ந்து, திரும்பி நின்றாள். நான் வெளியே நின்றேன்.

"நீ போ. நான் படியில வரேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர்?"

"ஒரு டாக்டர்."

"காது டாக்டரா?"

கதவு மூட வந்தது. கையை வைத்தேன். இந்தக் காலத்துக் கதவுகளுக்கு மரியாதை உண்டு, தொட்டதும் திரும்பிப் போய்விட்டது.

"கேளுங்க" என்றாள்.

"என்ன?"

"எப்பவும் கேக்கறதைக் கேளுங்க. சட்டப்படி. ரெண்டு தடவை."

பல் டாக்டர் வாசலில் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், தன் வலியைக் கொஞ்ச நேரம் மறந்து வேடிக்கை பார்த்தார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"சரியா?"

இருமல் வந்தது. என் பிடரிக்குப் பின்னால், மிக அருகில், பெட்டிக் கூரையிலிருந்து ஏழு மாடி தாண்டி வந்த அதே தெளிவோடு. "சரி."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு ஒட்டியே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைத் தரையிலிருந்து பார்த்த அதே பார்வைதான், ஆனால் இப்போது நின்றுகொண்டு.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் இன்னும் சொல்லல."

"தெரியும்."

அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். நடைவண்டியின் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. முப்பத்தொரு வருடத்தில் எந்தப் பெட்டிக் கூரையிலும் ஒருவன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. மேலே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள், கதவுக்கு மேல் மூன்று என்ற எண் எரிந்து எரிந்து அணைந்தது. நான் இரண்டாம் தரம் கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை எடுக்காமல் நின்றேன். கதவு வந்து உள்ளங்கையைத் தொட்டது, பின்வாங்கியது, மறுபடி வந்தது.